யோசனை மொய்

1

என் மகள் யாழினிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள். அம்மாவையோ அப்பாவையோ பேட்டி எடுத்து எழுத வேண்டும். தலைப்பு, 'உங்கள் நிறுவனம் ஊழியர்களைப் புதிதாகச் சிந்திக்கத் தூண்டுவது எப்படி?' பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இந்தத் தலைவலி எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். ஷார்ஜாவில் பள்ளிக்கூடங்கள் அப்படித்தான். அவளுடைய அப்பா, "ஒங்கம்மாதான் எச்.ஆர்., அவளைப் பிடி" என்று சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கக் கிளம்பிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தானாகக் காய்கறி வாங்கப் போகாத மனிதர்.

நானும் சொன்னேன். யோசனைப் பெட்டி வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை எல்லாரையும் கூட்டி வைத்துப் பாராட்டுகிறோம். ஒரு பிரிவில் இருப்பவரை இன்னொரு பிரிவில் வேலை பழக விடுகிறோம். புதிதாக எதையாவது செய்து பார்த்து அது சரியாக வரவில்லை என்றால் யாரையும் திட்டுவதில்லை. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டே போனாள். என் வாயிலிருந்து வந்ததைவிட அவள் திரையில் அது அழகாக இருந்தது. கடைசியில் நிமிர்ந்து, "இதெல்லாம் நெஜமாவே ஒர்க் ஆகுதாம்மா?" என்றாள்.

ஆகிறது என்றேன். சொல்லிவிட்டு எழுந்துபோய், ஏற்கெனவே துடைத்த அடுப்பு மேடையை இன்னொருமுறை துடைத்தேன். கொஞ்ச நாளாக எனக்கு இப்படித்தான் இருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. பிள்ளையிடம் சொல்லாததை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். நீங்கள் புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களாக இருந்தால் சீக்கிரம் புரிந்துவிடும்.

2

வீடு ஷார்ஜாவில், வேலை துபாயில். இடையில் இருக்கும் தூரத்தை நம் ஊர் டவுன் பஸ் முக்கால் மணி நேரத்தில் கடந்துவிடும். இங்கே ஆறு வழிச் சாலையில் இரண்டு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்து, முன்னால் நிற்கும் வண்டியின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவை ஆலை. ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்பு, துண்டு, சமையல்காரர்களின் கோட்டு எல்லாம் லாரி லாரியாக வரும். பிரித்து, துவைத்து, தேய்த்து, மடித்து, அன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். நேபாளம், வங்காளதேசம், கேரளம் என்று பல ஊர்க்காரர்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் மட்டும் பதினோரு பேர். எல்லாருக்கும் இரண்டு வருட ஒப்பந்தம். முடிகிறபோது கம்பெனி விரும்பினால் நீட்டிக்கும், இல்லையென்றால் கையில் டிக்கெட்டைக் கொடுத்துவிடும்.

தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று புதுமை வேண்டும் என்று தோன்றிய வருடம், எங்கள் ஆலையிலும் ஒரு பெட்டி வைத்தோம். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் இரண்டு மிட்டாய்க் காகிதமும், மெஸ் சாம்பாரில் பருப்பே இல்லை என்று ஒரு மனுவும் இருந்தன. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. பரிசு, கம்பெனி பெயர் போட்ட காபிக் கோப்பை. எட்டுப் பேர் படுக்கும் அறையில், இருக்கிற ஒரு ஜன்னல் விளிம்பில் எட்டுப் பேரின் சோப்புப் பெட்டியும் இருக்கும்போது, அந்தக் கோப்பையை ஒரு மனிதன் எங்கே வைப்பான்?

யோசித்து நான் விதியை மாற்றினேன். அவரவர் மொழியில் எழுதலாம், எழுத வராதவர்கள் படம் போடலாம். கோப்பை கிடையாது. ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு புள்ளி. ஒப்பந்தத்தை நீட்டிக்கும்போது அந்தப் புள்ளிகளைப் பார்ப்போம். இவர்களுக்கு வேண்டியது வேலை நிலைப்பது, அதைக் கையில் காட்டினால் வாய் திறப்பார்கள் என்பது என் கணக்கு.

பெட்டி நிரம்பத் தொடங்கியது. ஈரத் துணி வண்டி ஆழமாக இருப்பதால் குனிந்து குனிந்து இடுப்பு போகிறதே, அடியில் பழைய மெத்தை ஸ்பிரிங்குகளை அடுக்கி மேலே ஒரு பலகை போட்டால் துணி எடுக்க எடுக்கப் பலகை தானாக மேலே வரும் என்று ஒரு யோசனை. சமையல்காரர்கள் கோட்டுப் பையில் மறந்துவிடும் பேனாவால் வெள்ளைத் துணி முழுதும் மை ஆகிறதே, துவைக்கும் முன் கம்பி வலை மேசையில் தலைகீழாக உதறினால் போதும் என்று இன்னொன்று. தலைமை அலுவலகத்தில் என்னை மேடையேற்றிக் கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். ஊருக்குப் படம் அனுப்பினேன். வல்லத்திராக்கோட்டையில் என் அப்பா அதைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டினாராம்.

3

மூன்று வாரம் முன்பு எங்கள் பொது மேலாளர் நபீல் கூப்பிட்டார். ஜோர்டான்காரர். கெட்டவர் இல்லை, எதையும் உட்கார்ந்து கேட்க நேரமில்லாதவர். மேசையில் முருகேசனின் கோப்பு விரிந்து கிடந்தது.

முருகேசன் கறம்பக்குடிக்காரர். ஐம்பத்து மூன்று வயது. எட்டு வருடமாக அழுக்குத் துணி பிரிக்கும் இடத்தில் நிற்கிறார். ஆஸ்பத்திரி மூட்டையில் ஊசி கிடந்தால், கை வைக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். பேச்சு அவ்வளவாகக் கிடையாது. ஒருமுறை விசா மருத்துவப் பரிசோதனை வரிசையில் என்னோடு நின்றபோது மட்டும், மகள் நர்சிங் சேர்ந்திருக்கிறாள், அவள் படிப்பு முடிகிற வரைக்கும் தாக்குப் பிடித்தால் போதும் என்று சொல்லியிருந்தார். அவருடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அவள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

பெட்டியில் இதுவரை ஒரு துண்டுச் சீட்டுகூடப் போடாத மனிதர், ஒரே மாதத்தில் நான்கு யோசனை போட்டிருந்தார். அதில் ஒன்று தேய்க்கும் இயந்திரத்தின் நீராவிக் குழாயைப் பற்றியது. அந்தப் பக்கம் அவர் போனதே கிடையாது. நபீல் மற்ற கோப்புகளையும் தள்ளினார். யாருக்கெல்லாம் ஒப்பந்தம் முடிகிறதோ, அதற்கு முந்தைய மாதம் மட்டும் அவருக்கு யோசனை கொட்டுகிறது. நீட்டித்தபின் சுத்தமாக வறண்டுவிடுகிறது. அடுத்தவர் யோசனையைத் தன் பெயரில் போடுவது மோசடி, விசாரித்து அறிக்கை கொடுங்கள், அதுவரை இந்த ஆளின் கோப்பைத் தொடமாட்டேன் என்றார். மோசடி என்று நிரூபணமானால் உடனே டிக்கெட். அந்த விதியையும் எழுதிய மகராசி நான்தான்.

4

நீராவிக் குழாய் யோசனை யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாலுவுடையதுதான். கந்தர்வக்கோட்டைப் பையன், இருபத்தொன்பது வயது, ஐ.டி.ஐ. படித்தவன். எந்த இயந்திரம் முனகினாலும் மூடியைக் கழற்றிப் பார்த்துவிடுவான், மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். டீ நேரத்தில் கேண்டீனில் அவனைப் பிடித்தேன். இல்லவே இல்லை என்று சாதிப்பான் என்று நினைத்துப் போனேன். அவனோ பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, "மொய்யிக்கா" என்றான்.

எந்த மொய் என்று கேட்டேன்.

"நம்மூரு மொய்தான். யாருக்கு அக்ரிமெண்ட் முடியப்போகுதோ, அவுகளுக்கு நாங்கள்லாம் ஆளுக்கொரு யோசனை குடுத்துருவோம். அவுக பேர்ல எழுதிப் பெட்டியில போட்டுருவோம். நம்ம முறை வாரப்ப அவுக நமக்குப் போடுவாக. ஒரு ஆளு மண்டையில, தேவைப்படுற மாசமாப் பாத்து நாலு யோசனை காய்க்குமாக்கா?"

வார விடுமுறையில் எல்லாரும் ஒரு அறையில் கூடுவார்களாம். அடுத்து யாருடைய முறை என்று பார்ப்பார்களாம். அந்த வாரம் யாருக்கு எங்கே கை வலித்தது, எது அடைத்தது, எது கிழிந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்ல, மற்றவர்கள் அதைப் பிய்த்துப் போட்டுப் பேசுவார்களாம். நாலு நாள் செய்து பார்த்துச் சரியாக வந்தால்தான் எழுதுவார்களாம். இரண்டு நேபாளிகளும் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களும் 'மொய்' என்றே சொல்கிறார்களாம். ஒரே ஒரு கட்டுப்பாடு. ஒரு ஆளுக்கு வேலை இல்லாமல் போகிற மாதிரியான யோசனை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெட்டிக்குள் போகக் கூடாது. அப்படி ஒன்று தன்னிடம் இருக்கிறது என்றான். தயவுசெய்து அதை என்னிடம் சொல்லிவிடாதே என்றேன்.

எனக்குக் கோபம் வந்தது. இது ஏமாற்று வேலை என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"யார ஏமாத்துனோம்? யோசனை நெசந்தானே, மிசினு நெசமாத்தானே ஓடுது? பேரு மட்டுந்தானக்கா வேற" என்றான்.

5

மொய் விருந்து தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு ஊரைக் கூப்பிடுவார்கள். கல்யாணம் காதுகுத்து எதுவும் இருக்காது. கூப்பிட்டவருக்கு ஒரு தேவை இருக்கும், அவ்வளவுதான். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தங்களால் ஆன பணத்தை மொய்யாகச் செய்வார்கள். அவர்கள் முறை வரும்போது இவர் போய்க் கூடுதலாகவே செய்ய வேண்டும். இப்படிக் கிணறு வெட்டியவர்கள் இருக்கிறார்கள், கடை வைத்தவர்கள் இருக்கிறார்கள். நான் கல்லூரிக்குப் போனதும் அப்படித்தான்.

எல்லாரும் இதைப் பெருமையாக எழுதுவார்கள். எனக்கு அந்த நாளில் இது பிடிக்கவே இல்லை. அப்பா என் படிப்புக்கு விருந்து வைத்த பிறகு, பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டு, பின் சீட்டு எல்லாம் என் மார்க்கைக் கேட்டது. ஒரு செமஸ்டரில் ஒரு பேப்பர் போய்விட்டது என்று ஆலங்குடி மருந்துக் கடைக்காரர் வருத்தப்பட்டார். அவரும் அன்று கறிச்சோறு சாப்பிட்டவர், கேட்க உரிமை இருந்தது. யாரும் எதையும் கேட்க உரிமையில்லாத ஒரு ஊரில் போய் இருக்க வேண்டும் என்றுதான் நான் வெளிநாடு வந்தேன். இங்கே பதினோரு வருடமாக எதிர் ஃபிளாட்டில் இருப்பவரின் பெயர் தெரியாது. அதைச் சுதந்திரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேச்சுவாக்கில் யாழினியிடம் மொய் என்றால் என்ன என்று சொல்லிப் பார்த்தேன். "ஓ, க்ரவுட் ஃபண்டிங்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். அதில் கொடுத்தவர் கொடுத்ததோடு போய்விடுவார், இதில் கொடுத்தவர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த தெருவிலேயே இருப்பார் என்று சொல்ல வந்தேன். அவள் காது அடைபட்டிருந்தது.

6

அறிக்கை எழுத ஒரு வழிதான் தெரிந்தது. முருகேசனுடைய சொந்த யோசனை ஒன்றாவது வேண்டும். அதை வைத்து அவரைக் காப்பாற்றிவிடலாம். துணி பிரிக்கும் இடத்துக்கே போனேன். முகக்கவசம், முழங்கை வரை கையுறை, கண் மட்டும்தான் தெரிந்தது. ஆட்கள் முன்னால் என்னை மேடம் என்பவர், யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, "எனக்கு யோசனையெல்லாம் வராது தங்கச்சி" என்றார்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள் அண்ணே என்று கெஞ்சினேன். இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு இந்த மொய்யை ஆரம்பித்தது யார் என்று கேட்டேன். கையுறையைக் கழற்றினார்.

"நாந்தான். தப்புன்னா எம்பேரு மட்டும் எழுதிக்கங்க. அவனுக மேல எழுதிராதீக."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. நான் புள்ளி விதியைக் கொண்டுவந்த அன்றைக்கே அறையில் சண்டை ஆரம்பித்திருக்கிறது. பலகை யோசனையை முதலில் சொன்னது நான்தான், நீ திருடிவிட்டாய் என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். அதன் பிறகு ஒருத்தன் முன்னால் ஒருத்தன் வேலையைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். இயந்திரத்தில் கோளாறு என்று தெரிந்தாலும், தன் முறைக்கு உதவும் என்று மனதுக்குள் பூட்டி வைத்துக்கொண்டார்கள். இவர்தான் கட்டில் கட்டிலாகப் போய்ப் பேசியிருக்கிறார். இப்படி ஆளாளுக்குப் பொத்தி வைத்தால் எல்லாருக்கும் கேடு, ஊரில் செய்வதை இங்கிட்டும் செய்வோம் என்று சொல்லிச் சேர்த்திருக்கிறார். பெட்டி நிரம்பியது அதற்குப் பிறகுதான்.

அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஆட்களைச் சிந்திக்க வைக்கத்தான் எனக்குச் சம்பளம். என் விதி அவர்கள் வாயை அடைத்திருக்கிறது. திறந்துவிட்டவர் துணி பிரிக்கிறார். கேடயம் என் வீட்டு ஹாலில் இருக்கிறது.

படிவத்தை எடுத்து, அவர் ஆரம்பித்த அந்த மொய்யையே ஒரு யோசனை என்று எழுதினேன். யோசனை கூறியவர் என்ற கட்டத்தில் முருகேசன் என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் தொடவில்லை.

"பாலுவுக்கு அடுத்த மாசம் முடியுதுல்ல. அவன் பேர்ல போட்டுருங்க. எனக்கென்ன, வயசாயிருச்சு."

வாழ்க்கையில் ஒரு தொழிலாளியிடம் நான் கத்தியது அன்றைக்குத்தான். உங்கள் பிள்ளை படிப்பை யார் முடித்து வைப்பது, இதில் உங்கள் பெயர் வரவில்லை என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் திருச்சி விமானத்தில் இருப்பீர்கள் என்று கத்தினேன். பிறகு பேனாவை வாங்கி, தமிழில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.

7

அறிக்கையை மூன்று முறை எழுதினேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன், என் விதி தோற்றதையும் எழுதினேன். கடைசியில் பரிந்துரை என்று ஒரு பகுதி உண்டு. அதைச் சும்மா விடக் கூடாது என்று, 'யோசனைகள் கூட்டு உழைப்பில் பிறப்பவை. தனி நபருக்குப் புள்ளி வழங்குவது பொருத்தமானதன்று' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. ஆங்கிலத்தில் இன்னும் எடுப்பாக இருந்தது.

நபீல் படித்துவிட்டுக் கூப்பிட்டு, இந்த ஆள் நம் இருவரையும்விடக் கெட்டிக்காரன் என்றார். முருகேசனுக்கு இரண்டு வருடம் நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கையை மேலுடுப்பில் துடைத்துக்கொண்டு, மகளுக்கு இப்போது போன் பண்ணலாமா, வகுப்பில் இருப்பாளா என்று என்னைக் கேட்டார். நான் அழுதேவிட்டேன். இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. என் வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். இனி யோசனைக்குப் புள்ளி கிடையாது. நல்ல யோசனை தரும் பிரிவுக்கு மதியச் சாப்பாடு. ஒப்பந்த நீட்டிப்புக்கு மேற்பார்வையாளர் கொடுக்கும் மதிப்பெண் மட்டும் பார்க்கப்படும். பாலுவின் மதிப்பெண்ணைத் தேடி எடுத்தேன். அனுமதியில்லாமல் இயந்திரங்களைத் திறக்கிறார் என்று எழுதி, ஐந்துக்கு இரண்டு போட்டிருந்தார் மேற்பார்வையாளர்.

பழைய சீட்டுகளையெல்லாம் புரட்டி, பாலுவின் கையெழுத்தில் மற்றவர்கள் பெயரில் இருந்தவற்றைத் தனியாக எடுத்தேன். எட்டு இருந்தன. நபீலிடம் கொண்டுபோய் விரித்தேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். அவருக்கும் வருத்தம்தான். சுற்றறிக்கையை என் பக்கம் திருப்பி, அந்த வரியில் விரலை வைத்து, இது நீங்கள் எழுதியதுதானே என்று கேட்டார்.

நேற்று பாலு என் அறைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முருகேசண்ணனுக்கு ஆகிவிட்டதில் ரொம்பச் சந்தோஷம் என்றான். மேற்பார்வையாளரைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. கதவு வரைக்கும் போனவன் திரும்பி நின்றான். முகத்தில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"எம்முறை வாரதுக்குள்ள பந்தலைப் பிரிச்சுட்டீகளேக்கா. எட்டுப் பேருக்குச் செஞ்சிருக்கேன். இப்ப நான் யாருகிட்டப் போயிக் கேக்குறது?"

அவனுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.